கணினிக்கும் வேண்டும் காற்றோட்டம்

பங்குனி, சித்திரை மாதங்களின் நண்பகற் பொழுதில் மனிதர் மட்டுமன்று, மேசையின் கீழிருக்கும் கணினியும் பெருமூச்சு விடுகிறது. விசிறிகள் இரைகின்றன, திரையிற் படம் தயங்கித் தயங்கி நகர்கிறது, சில வேளைகளில் யாதொரு முன்னறிவித்தலுமின்றி யந்திரமே அணைந்து விடுகிறது. "வைரஸ் புகுந்துவிட்டது" என்பார் ஒருவர். "பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்பார் இன்னொருவர். 2022ஆம் ஆண்டில் டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதைக் கண்ட நடுத்தரக் குடும்பத்தினருக்குப் புதிது வாங்குவதென்பது நகையை அடகு வைத்துச் செய்யும் காரியமாகவே தோன்றும். ஆதலால், பணப்பையைத் திறக்குமுன் கணினிப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று வாசகர்களை வேண்டுகிறோம். பல சமயங்களில் நோய் வெறும் மூச்சுத்திணறலே.

மின்சாரத்தை உண்ணும் கணினி, அதனை ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியிடுகிறது. 1981ஆம் ஆண்டில் ஐ.பீ.எம். நிறுவனம் தனது முதலாவது பேர்சனல் கம்பியூட்டரை வெளியிட்டபோது அதன் பவர் சப்ளையின் வலு 63.5 வாட் மட்டுமே. பழைய மின்குமிழ் ஒன்றின் செலவு! அந்தப் பவர் சப்ளையிலிருந்த ஒரேயொரு விசிறி முழுப் பெட்டிக்கும் போதுமானதாயிருந்தது. இன்றோ, 2022இல் வெளிவந்த ஆர்.ரி.எக்ஸ். 4090 என்னும் கிராபிக்ஸ் காட் ஒன்றே 450 வாட் வரை இழுக்கிறது. அத்தகைய காட் எம்மிற் பலரது வீட்டில் இராது என்பது உண்மைதான். ஆயினும் பிள்ளைகள் விளையாட்டுக்கும் படத் தொகுப்புக்கும் பாவிக்கும் கணினி 200, 300 வாட்டை எளிதில் எட்டிவிடும். வெப்பம் வெளியேறாது தேங்கினால், 95 முதல் 100 பாகை செல்சியஸ் அளவில் இன்றைய புரொசெசர்கள் பல தம்மைக் காத்துக்கொள்ளத் தமது வேகத்தைத் தாமே குறைத்துக் கொள்கின்றன. நாம் "பழசாகிவிட்டது" என்று பிழையாக எண்ணுவது பெரும்பாலும் இந்த வேகக் குறைவைத்தான்.

விசிறியை அடியோடு வெறுத்தவர்களும் உண்டு. அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ், 1980இல் வெளிவந்த அப்பிள் 3 கணினிக்கு விசிறியே கூடாதென்று வற்புறுத்தினார். அலுமினிய அடிப்பாகமே வெப்பத்தைப் போக்கிவிடும் என்பது எண்ணம். யந்திரம் சூடேறித் தொல்லை கொடுத்தது. மேசையிலிருந்து சில அங்குலம் தூக்கிப் பொத்தென்று போட்டால், இடம் பெயர்ந்த சில்லுகள் மீண்டும் தத்தம் இருக்கையில் அமர்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளருக்கு யோசனை கூறப்பட்டதாம்!

இனி விசிறியின் வேலை யாது என்பதைப் பார்ப்போம். விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. காற்றை இடம் பெயர்க்கிறது, அவ்வளவே. அறையின் வெப்பநிலை 32 பாகையாயின், எத்தனை விசிறி பூட்டினாலும் பெட்டியின் உட்புறம் 32க்குக் கீழே இறங்காது. அந்த 32 பாகைக் காற்றை உள்ளே அழைத்து, சூடான பாகங்களின் மேல் தவழவிட்டு, வந்த வழியே திரும்பாமல் வேறு வழியால் வெளியே அனுப்புவதே முழுச் சூட்சுமமும். 300 வாட் வெப்பம் பிறக்கும் பெட்டியில், வெளியேறும் காற்று உட்புகும் காற்றிலும் 10 பாகைக்கு மேற் சூடாகாதிருக்க வேண்டுமாயின் நொடிக்கு ஏறத்தாழ 25 லீற்றர் காற்று ஊடறுத்துச் செல்லுதல் வேண்டும். 120 மில்லிமீற்றர் விசிறிகள் இரண்டு மூன்று, ஒழுங்காகப் பூட்டப்பட்டால், அதிக இரைச்சலின்றியே இதனைச் செய்து முடிக்கும். ஏழெட்டு விசிறிகளை வாங்கி வரும் இளைஞர்களைக் காணும்போது அவை காற்றுக்காகவோ வர்ண விளக்குக்காகவோ என்ற ஐயம் எமக்கு எழுவதுண்டு.

முன் யன்னலைத் திறந்து பின் யன்னலைச் சாத்தி வைத்த அறையில் எத்துணைக் காற்றடித்தாலும் புழுக்கம் தீராது என்பதை எமது இல்லத்தரசிகள் அறிவார்கள். கணினிப் பெட்டியும் ஓர் அறையே. முன்புறத்தில் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளிழுக்க, பின்புறத்தில் மேற்பாகத்திலுள்ள ஒன்று வெளியேற்ற வேண்டும். பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு இந்த மூன்றே போதும். புரொசெசரின் மேல் உயர்ந்து நிற்கும் குளிரூட்டியில் விசிறி உண்டாயின் அதுவும் முன்னிருந்து பின்னாக, பின்புற விசிறியை நோக்கியே ஊத வேண்டும். அது எதிர்த்திசையில் ஊதினால் இரு விசிறிகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

எந்தப் பக்கம் ஊதுகிறது என்று எப்படி அறிவது? சில விசிறிகளின் சட்டத்தில் அம்புக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். இல்லாவிடில், நடுப்பாகத்தைத் தாங்கும் குறுக்குக் கால்கள் தெரியும் பக்கத்தைப் பாருங்கள். சாதாரண விசிறிகளில் காற்று வெளியேறுவது அப்பக்கத்தாலேயே. ஐயமிருந்தால் விசிறி சுழலும்போது மெல்லிய கடதாசித் துண்டொன்றைப் பெட்டியின் வெளிப்புறமாகப் பிடித்துப் பாருங்கள். உள்ளிழுக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். வெளித்தள்ளும் இடத்தில் பறக்கும். ஊதுவத்திப் புகையும் இதற்கு உதவும் என்றாலும், கடதாசியே சுத்தமானது.

சூடான காற்று மேலெழும் என்பது பள்ளிப் பாடம். அதனை நம்பிச் சிலர் பெட்டியின் மேற்றளம் முழுவதும் வெளியேற்றும் விசிறிகளால் நிரப்பி விடுகிறார்கள். விசிறியின் உந்துதலுக்கு முன் அந்த இயல்பான எழுச்சி மிக அற்பமானது. மேற்றளத்தின் பின்பாதியில் ஒன்றைப் பூட்டுவதில் தவறில்லை. முன்பாதியிற் பூட்டினாலோ, முன்புறத்தால் நுழைந்த புதுக் காற்றைப் புரொசெசரை அடையுமுன்பே அது பறித்து வெளியே எறிந்துவிடும்.

இழுப்பது கூடுதலாகவும் தள்ளுவது சற்றுக் குறைவாகவும் இருப்பது நன்று என்பதற்குத் தூசு ஒரு காரணம். வெளியேற்றம் மிகுந்தால் பெட்டியின் ஒவ்வோர் இடுக்கும் காற்றை உறிஞ்சும். அதனுடன் புழுதியும் புகும். உள்வரவு மிகுந்தால் இடுக்குகளால் காற்று வெளியே கசியுமேயன்றி உள்ளே வராது. தூசின் பெரும்பகுதி முன்புற வடிகட்டியிற் சிக்கிக்கொள்ளும். வலிகாமத்துச் செம்மண் புழுதியில் வாழ்பவர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. வடிகட்டியை மாதமொரு முறையாவது கழற்றிக் கழுவிக் காயவைத்துப் பூட்டுதல் அவசியம். கழுவாத வடிகட்டி மூடிய கதவுக்குச் சமம். முன்புறம் முழுவதும் கண்ணாடியாலான பெட்டிகளும் இன்று விற்பனைக்கு உண்டு. பார்வைக்கு அழகு, ஆனால் பக்கவாட்டிலோ அடியிலோ தாராளமான வழி விடப்பட்டிருந்தாலன்றி அவற்றை வாங்க வேண்டாம் என்பதே எமது கருத்து.

பெட்டிக்குள் எல்லாம் செவ்வனே அமைந்தும் வெளியே பிழை இருக்கக்கூடும். கணினி மேசையின் கதவுள்ள அறைக்குள் பெட்டியை வைத்துப் பூட்டுகிறோம். பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கிறோம். பூவேலைத் துணியைப் போர்த்திவிட்டு அதனை எடுக்க மறந்தே இயக்குகிறோம். கதவுள்ள அறையில், வெளியேறிய சூடான காற்றே மீண்டும் முன்புறத்தால் உள்ளே போகிறது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பவர் சப்ளை அடிப்பாகத்தில் இருந்து கீழிருந்து காற்றை இழுப்பதாயின் பெட்டியைக் கம்பளத்தின் மேல் வைக்காது பலகையொன்றின் மேல் வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் ஒரு சோதனை. வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. கணினிக்குக் கடும் வேலை கொடுத்து, கால்மணி நேரத்தின் பின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, கையை உள்ளே நீட்டாமல், அதே வேலையை மீண்டும் கொடுங்கள். வெப்பம் பத்துப் பாகையளவு இறங்கினால் குறை காற்றோட்டத்தில் உள்ளது; விசிறிகளின் திசையையும் வடிகட்டியையும் மீண்டும் பாருங்கள். வெப்பம் இறங்கவேயில்லையெனில் புரொசெசருக்கும் அதன் குளிரூட்டிக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருக்கலாம். அல்லது குளிரூட்டியின் தகடுகளிடையே தூசு அடைந்திருக்கலாம். தூசை ஊதி அகற்றுமுன் மின்னிணைப்பைக் கழற்றுங்கள். ஊதும்போது விசிறி வேகமாய்ச் சுழன்று பழுதடையாதபடி அதன் இதழை ஒரு விரலாற் பிடித்துக்கொள்ளுங்கள். பசை மாற்றுவது பழகாத கைக்கு உரிய வேலையன்று. அதை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்கலாம்.