ஓட்டப் பயிற்சிக்கு நாடியே வழிகாட்டி

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா மாவட்டத் தோட்டங்களில் ஓட்டத்தில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்குக் குறைவில்லை. விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து மரம் சீவி, பால் எடுத்து முடித்தபின், மாலையில் திடலுக்குச் செல்கின்றனர். நாள்தோறும் மூச்சு முட்ட ஓடினால்தான் முன்னேறலாம் என்று கருதுவோர் அவர்களுள் உளர். அவ்வாறு ஓடுவோரின் உடல், பந்தய நாளுக்கு முன்பே தளர்ந்துவிடக்கூடும். இதனைத் தவிர்க்க நமது நாடித் துடிப்பே துணை செய்யும்.

பின்லாந்து நாட்டு ஆய்வாளர் மார்ட்டி கார்வோனன், இளைஞர் சிலரை ஓடச் செய்து ஆராய்ந்து, 1957இல் தமது முடிவுகளை வெளியிட்டார். பயிற்சியின்போது இதயத் துடிப்பு ஓரளவுக்கு மேல் உயர்ந்தால்தான் தாங்கும் ஆற்றல் வளர்கிறது என்று அவர் கண்டார். அவர் பெயரால் வழங்கும் கணக்கு எளிதானது.

காலையில் படுக்கையைவிட்டு எழுமுன், மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து ஒரு நிமிடத் துடிப்பை எண்ணுக. அது 60 என்றும், வயது 20 என்றும் கொள்வோம். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு 200. இரண்டிற்கும் இடைவெளி 140. இதில் நூற்றுக்கு 60 பங்கு 84. அதனுடன் 60ஐக் கூட்டினால் 144. நூற்றுக்கு 70 பங்கானால் 158. நெடுந்தூரப் பயிற்சியில் பெரும்பகுதியை இவ்விரண்டிற்கும் இடையே ஓடலாம். ஓட்டத்தை நிறுத்தியவுடன் 10 வினாடி எண்ணினால் 24 முதல் 26 வரை இருக்கும். சற்றுத் தாமதித்தாலும் துடிப்பு இறங்கிவிடும்.

இது சராசரிக் கணக்கே. ஆளுக்கு ஆள் வேறுபடும். ஓடும்போது உடன் வருபவருடன் பேச முடிகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். கடும் வெயிலிலும் உடலில் நீர் குறைந்தபோதும், அதே வேகத்திற்குத் துடிப்பு மிகும். அப்போது வேகத்தைக் குறைப்பதே அறிவுடைமை.

காலைத் துடிப்பு சில நாள்களாக வழக்கத்தைவிட மிகுந்து காணப்பட்டால், வெட்டு வேலையின் களைப்பு தீரவில்லை என்றோ காய்ச்சல் வரவிருக்கிறது என்றோ கொள்ளலாம். அன்று ஓய்வே சிறந்த பயிற்சி. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து உண்போர், அவரது ஆலோசனையின்றி இக்கணக்கைப் பின்பற்றலாகாது. சில மருந்துகள் துடிப்பையே தாழ்த்திவிடும்.

இன்று துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரங்கள் கிடைக்கின்றன. அவை இல்லையென்று கவலைப்பட வேண்டியதில்லை. இரு விரல்களும், வினாடி முள்ளுள்ள ஒரு கடிகாரமும், நாள்தோறும் குறித்து வைக்க ஓர் ஏடும் போதும். நாளை காலையிலேயே தொடங்குவோமாக.