ஜாஸ் வித்வான்களின் ஜீவனம்

1958-ஆம் ஆண்டில், அமெரிக்க அரசாங்கத்தின் ஆதரவில் பல தேசங்களைச் சுற்றிவந்த டேவ் புரூபெக் என்ற பியானோ வித்வானும் அவருடைய மூன்று சகாக்களும் சென்னைக்கு வந்தபோது, அக்குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோவும் நம் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சந்தித்து, ஒருவருடைய லய ஞானத்தை மற்றவர் கேட்டு அனுபவித்தார்கள். சங்கீத சரித்திரத்தில் இது சிறிய சம்பவமே. ஆயினும் அவ்விருவரின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் ஒற்றுமை புலனாகிறது. பிள்ளையவர்களின் வித்தை 1962-இல் அவர் காலமானதோடு மறைந்துவிடாமல், அவருடைய சிஷ்யரான திருச்சி சங்கரனின் விரல்களில் தொடர்ந்தது. மொரெல்லோவோ, புரூபெக் குழு 1967-இல் கலைந்த பிறகு, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மாணவர்களுக்கு டிரம்ஸ் கற்றுக்கொடுப்பதில் கழித்தார்.

கச்சேரி வாய்ப்புக் குறைந்தவர்தாம் வாத்தியார் வேலைக்குப் போவார் என்ற எண்ணம் நம்மிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. ஜாஸ் சங்கீதத்தின் கதையைச் சற்று அறிந்தவர்கள் அந்த எண்ணத்தை ஒப்ப மாட்டார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கறுப்பின மக்களிடையே உருவான அந்தச் சங்கீதத்தில் முன்கூட்டி நிச்சயிக்கப்பட்ட பகுதி மிகவும் சொற்பம். பன்னிரண்டு ஆவர்த்தமோ முப்பத்திரண்டு ஆவர்த்தமோ கொண்ட ஒரு சிறு மெட்டு திரும்பத் திரும்பச் சுழன்றுகொண்டிருக்க, அதன்மேல் ஒவ்வொருவரும் தத்தம் மனோதர்மத்தைக் கட்டி எழுப்புகிறார்கள். முடிவை நெருங்கும்போது, நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் குறைப்பு வாசிப்பதைப்போல, டிரம்ஸ் வாசிப்பவரும் மற்றவர்களும் நந்நான்கு ஆவர்த்தங்களாக மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொள்கிறார்கள். இத்தகைய வித்தையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அந்தக் கணத்தில் என்ன தோன்றுகிறது, தோன்றியது எப்படி விரலுக்கு வருகிறது என்பதைத் தானே வாசித்துக்கொண்டிருப்பவர்தாம் காட்ட முடியும்.

ஆனால் அப்படி வாசித்துக்கொண்டிருப்பதற்கு வயிறு நிறைய வேண்டுமே! 1930-களில் நடன மண்டபங்களில் பெரிய பெரிய வாத்தியக் குழுக்கள் செழித்தன; இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அவை ஒவ்வொன்றாகக் கலைந்தன; பிறகு ராக் சங்கீதம் இளைஞர்களை இழுத்துக்கொண்டது. இரவு விடுதிகளில் கிடைத்த சன்மானம் நிச்சயமற்றது. நியூயார்க் நகரத்தில் மதுபானம் விற்கும் விடுதியில் வாசிக்கப் போலீசார் வழங்கும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த காலத்தில், அதை இழந்த தெலோனியஸ் மங்க் என்ற மகா வித்வான் 1951 முதல் 1957 வரை அந்நகரத்து விடுதிகளில் வாசிக்க இயலாமல் இருந்தார். அவரைப் போன்ற ஒருவருக்கே இந்த நிலையென்றால் சாமானிய வித்வான்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

அக்காலத்தில் கற்பதற்குக் குருகுலம் போன்றிருந்தவை மூத்தவர்களின் குழுக்களே. ஆர்ட் பிளேக்கி என்ற டிரம்ஸ் வித்வான், தம் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, தலைமுறை தலைமுறையாக இளைஞர்களைச் சேர்த்து மேடையிலேயே பழக்கி அனுப்பினார். பள்ளிகள் பின்னர்தாம் வந்தன. 1945-இல் பாஸ்டன் நகரத்தில் தொடங்கிய பள்ளியே இன்றைய பெர்க்லீ சங்கீதக் கல்லூரி. 1947-இல் வட டெக்ஸாஸ் கல்லூரி ஜாஸ் சங்கீதத்துக்குப் பட்டப் படிப்பை ஏற்படுத்தியது. மெதுமெதுவாகப் பல்கலைக்கழகங்கள் வித்வான்களை அழைத்து ஆசனம் கொடுத்தன. சிறுமியாக இருந்தபோதே பியானோவில் புகழ் பெற்ற மேரி லூ வில்லியம்ஸ் அம்மையார், 1977-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பொறுப்பேற்று, 1981-இல் மறையும் வரை அங்கே கற்பித்தார். நியூ ஆர்லியன்ஸில் எல்லிஸ் மார்சாலிஸ் என்ற பியானோ வித்வான் தம் புதல்வர்களையும் ஊரார் பிள்ளைகளையும் ஒருசேர வித்வான்களாக்கினார்.

இப்படிக் கற்பித்தவர்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் பேரி ஹாரிஸ் என்ற பியானோ வித்வான். நியூயார்க்கில் வாரந்தோறும் அவர் நடத்திய வகுப்பில் கற்றுக்குட்டியும் சேரலாம், தேர்ந்த வித்வானும் சேரலாம். முதலில் பியானோ வாசிப்பவர்களுக்குப் பாடம், அடுத்தாற்போல் பாடுபவர்களுக்கு, அதன்பின் மனோதர்மம் பழகுபவர்களுக்கு என்று மணிக்கணக்கில் நீளும் அந்த வகுப்பில், ஒரு சங்கதியை அவர் வாயால் பாடிக் காட்டுவார். கூடியிருப்பவர்கள் அதைத் தத்தம் வாத்தியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிசகினால் மீண்டும் முதலிலிருந்து. கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகவும் கற்பித்து, 2021-இல் தொண்ணூற்றொன்றாம் வயதில் அவர் காலமானார்.

பல்கலைக்கழகத்துக்குள் புகுந்ததால் ஜாஸ் சங்கீதம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிட்டது என்று குறை சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனாலும் மாதச் சம்பளம் ஒன்று நிச்சயமாக வரும்போது, விடுதிக்காரரின் இஷ்டத்துக்கு வாசிக்க வேண்டிய நிர்ப்பந்தம் வித்வானுக்கு இல்லாமற்போகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இந்த மார்க்கத்தில் நம்மவர்களும் நடந்திருக்கிறார்கள். திருச்சி சங்கரன் 1971-இல் கானடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, பல்லாண்டுகள் அங்கே மிருதங்கம் கற்பித்ததோடு, ஜாஸ் வித்வான்களுடன் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்தும் வந்தார். அப்படிக் கடல் கடந்து வாழ்ந்தவருக்குத்தான் சென்னை மியூசிக் அகாடமி 2011-இல் சங்கீத கலாநிதி விருதை அளித்தது. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் பிறந்த விஜய் ஐயர், மூன்று வயதில் வயலின் தொடங்கியவர். பியானோவையோ பெரும்பாலும் தாமாகவே பழகிக்கொண்டார். பௌதிகம் படித்து, சங்கீதத்தை மனம் எவ்வாறு உணர்கிறது என்பதைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டமும் பெற்று, இன்று ஜாஸ் உலகின் முன்னணியில் நிற்கும் அவர் 2014 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்துவிட்டுப் பெர்க்லீயில் சங்கீதம் பயின்ற கிதார் வித்வான் பிரசன்னா, 2010-இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரமாக ஸ்வர்ணபூமி சங்கீத அகாடமியை உருவாக்கினார்.

எதிர்த்திசையில் வந்தவரும் ஒருவர் உண்டு. பெர்க்லீயில் ஆசிரியராக இருந்த சார்லி மரியானோ என்ற சாக்ஸபோன் வித்வான், 1960-களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி வாத்தியக் குழுவைப் பயிற்றுவிக்கச் சென்றவிடத்தில் நாதஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, கற்பிக்கப் போனவர் தாமே சிஷ்யராகிவிட்டார். பிற்காலத்தில் ஜாஸ் மேடைகளிலும் அவர் நாதஸ்வரத்தை ஏந்தி வாசித்தார்.

அந்நிய தேசத்து ஆசிரியர் ஒருவர் அவ்வளவு ஆவலோடு கைக்கொண்ட வாத்தியத்துக்குத் தென்பாண்டிச் சீமையும் தாய்வீடு. காருக்குறிச்சி அருணாசலம் இந்தச் சீமையில் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யராகி, 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் மூலம் பட்டிதொட்டியெல்லாம் அறியப்பட்டவர். 1964-இல், நாற்பத்து மூன்று வயதுக்குள், காலமாகிவிட்டார். எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கோமதியம்மன் எழுந்தருளும்போது மேளம் வாசிக்க வருபவர்களை அருகில் நின்று கவனித்தால், ஜாஸ் வித்வான்களின் பிரச்சினை இங்கேயும் இருப்பது தெரியும். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து எச்சிலால் பதமாக்கி, ஊதிப்பார்த்து, மனத்துக்குப் பிடிக்காமல் அதைக் கழற்றிவிட்டு, வாத்தியத்தில் கோத்துத் தொங்கும் வேறொன்றை எடுத்துச் செருகுகிறார். தவில்காரர் விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருக்கிறார். ஆனால் இவர்களின் வருமானமும் நிச்சயமற்றது; ஆடியில் கல்யாண முகூர்த்தம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. கோயில் ஊழியத்துக்கென்று நிலமானியம் இருந்த காலத்தில், முகூர்த்தம் இல்லாத மாதங்களிலும் மேளக் கலைஞர் வீட்டில் அடுப்பு எரிந்தது, திண்ணையில் பிள்ளைகள் பாடம் கேட்டார்கள். அந்த ஏற்பாடு போய்விட்டது. பல கோயில்களில் தீபாராதனை வேளையில் மின்சாரத்தால் இயங்கும் முரசும் மணியுமே ஒலிக்கின்றன.

திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் அங்கே மூன்றாண்டுப் படிப்பு. அது நல்ல காரியம். எனினும் சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிறுவன் தினமும் போய்வரும் தூரத்தில் அது இல்லை. பெரிய கோயில்களில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கலைஞர்களை நியமிக்கும்போது, பூஜை வேளை வாசிப்போடு, மாலையில் இரண்டு மணி நேரம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதையும் அந்த உத்தியோகத்தின் அங்கமாக்கி, இசைப்பள்ளி ஆசிரியருக்கு நிகரான சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். முகூர்த்த நாட்களில் வெளியூர்க் கச்சேரிக்குப் போய்வர அவருக்கு விடுப்பும் தர வேண்டும். மூத்த மாணவர் இருவரை உடன் அழைத்துச் சென்று, ஒருவரை ஒத்து ஊதவும் மற்றவரைத் தாளம் போடவும் வைத்துப் பழக்க அனுமதியும் தர வேண்டும்.