இளவரசன் அனுப்பிய மின்னஞ்சல்

ஓர் இளவரசனுக்கு நீங்கள் நிச்சயிக்கப்பட்டவர் என்று மின்னஞ்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? மோசடி என்று அழித்துவிடுவீர்கள். அலிசா கோல் எழுதி 2018-இல் வெளிவந்த ‘எ பிரின்சஸ் இன் தியரி’ ஆங்கில நாவலில் நலேடியும் அதையேதான் செய்கிறாள்.

பெற்றோரை இழந்தவள், நியூயார்க்கில் படிப்பும் வேலையுமாகத் திண்டாடும் ஆராய்ச்சி மாணவி. அவளைத் தேடி வருகிறான், தெசோலோ என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் இளவரசன் தபிசோ. அவனை வேறு யாரோ என்று அவள் நினைக்க, அவனும் திருத்தாமல் பழகுகிறான்.

சுபாங் ஜெயாவில் ரயில் ஏறியதிலிருந்து சிரித்துக்கொண்டே வாசித்தேன். உண்மை வெளிப்பட்டதும் சிரிப்பு நின்றது. பொய்ப்பெயரில் வந்த அன்பை நம்பலாமா? இணையத்தில் துணை தேடும் நம் இளையோருக்கும் இதே கேள்விதான்.

ஒரு குறிப்பு: நெருக்கமான காட்சிகள் உண்டு, பெரியவர்களுக்கு மட்டும்!