அலமாரியில் உறங்கும் காதொலிக் கருவி

பெரும் பொருள் செலவிட்டு வாங்கிய காதொலிக் கருவி அலமாரியில் கிடப்பதாகக் குடும்பத்தினர் எங்களிடம் வருந்திக் கூறுவதுண்டு. பல நேரங்களில் பழுது கருவியில் இல்லை, தேர்வில்தான் உள்ளது.

வெளியே தெரியாமல் காதுக்குள் அடங்கும் கருவியையே பலரும் நாடுகின்றனர். அதில் இடும் 10ஆம் எண் பேட்டரியின் விட்டமோ ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். விரல் நடுங்கும் முதியவர் அதை எவ்வாறு மாற்றுவார்? அவருக்குக் காதின் பின்புறம் அணியும், சார்ஜ் செய்யக்கூடிய கருவியே உகந்தது. கேள்திறன் மிகக் குறைந்தோருக்கும் அவ்வகையே, காதின் அளவெடுத்துச் செய்த அச்சுடன், போதிய ஒலியைத் தரும். காதில் சீழ் வடிவோர் முதலில் அதற்குச் சிகிச்சை பெற வேண்டும். காதுத் துளையை அடைக்கும் அச்சு சீழை மிகுவிக்கும்.

மெல்லிய கம்பியின் முனையில் சிறு ஒலிபெருக்கி காதுக்குள் அமையும் வகையும் உண்டு. துளையுள்ள மென்முனையுடன் அணிந்தால், சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குவது குறையும். ஆனால் காதழுக்கும் வியர்வையும் அதை எளிதில் அடைத்துவிடும். நம் வெயிலில் இது சிறு குறையன்று.

புளூடூத் இருந்தால் கைபேசி அழைப்பு நேரே காதில் ஒலிக்கும். வெளியூர்ப் பேரப்பிள்ளைகளோடு நாள்தோறும் பேசுவோருக்கு அது ஆடம்பரமன்று. கைபேசியை அரிதாகவே எடுப்பவர் அதற்கெனக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை என்றே கருதுகிறோம்.

அமைதியான அறையில் எல்லாக் கருவிகளும் நன்றாகவே ஒலிக்கும். குக்கர் கூவும் சமையலறையிலும் பேருந்திலும் சில நாள்கள் அணிந்து பார்த்தபின் வாங்குங்கள். காது வலித்தாலோ கருவி கீச்சிட்டாலோ கழற்றி வைத்துவிடாமல் எங்களிடம் எடுத்து வாருங்கள். பெரும்பாலும் அதைச் சரிசெய்ய இயலும்.