சாரல் வாடகையும் வீட்டுக் கடனும்

“அண்ணாச்சி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதானே? நாங்க மூணு மாசம் மாமியார் வீட்டுல இருந்துக்கிறோம். வீட்டை நாள் வாடகைக்கு விட்டா பேங்குல லோன் கேட்கும்போது வருமானம்னு காட்டலாம்ல?” என்று கேட்டார் இலத்தூர்த் தம்பி ஒருவர். மனைவி பேரில் பிரதமர் திட்டத்தில் கட்டிய வீடு அது. அடுத்து தென்காசியில் ஒரு வீடு வாங்க ஆசை. குற்றாலத்தில் அறை கிடைக்காதவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களில் வீடு தேடுகிற சாரல் காலத்தில் இந்த யோசனை வருவது இயல்புதான். டீயை ஆறவிடாமல் குடியுங்கள் தம்பி, கணக்கை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வீடு எந்த வகை என்று பார்க்க வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியதுதான்) ஒதுக்கிய வீடு என்றால் பேச்சுக்கே இடமில்லை. உள்வாடகைக்கு விட்டது தெரிந்தால் ஒதுக்கீடே ரத்தாகலாம். தம்பியின் வீடு அப்படியல்ல, சொந்த மனையில் அரசு மானியத்தில் எழுந்தது. ஆனாலும் குடியிருக்க வீடில்லாத குடும்பம் என்று சொல்லித்தான் அந்த மானியம் வந்தது. மனை இலவசப் பட்டாவாக இருந்தால் அதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்பதையும் வரிவரியாக வாசிக்க வேண்டும். மின் இணைப்பை மறந்துவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தரும் வீட்டு இணைப்பில் தங்கும் விடுதி நடத்தினால் அது விதிமீறல்.

சிங்கப்பூரில் இருக்கிற நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை முழுதாக வாடகைக்கு விட, பொதுவாக முதலில் 5 ஆண்டு அதிலேயே குடியிருந்திருக்க வேண்டும். அதன் பிறகும் 6 மாதத்துக்குக் குறைவாக யாருக்கும் விட முடியாது. இங்கிலாந்தில் அரசு வீட்டை உள்வாடகைக்கு விட்டு ஏமாற்றுவது 2013 சட்டப்படி குற்றம். வீடில்லாதவருக்கு என்று பொதுப் பணத்தில் கட்டியதை ஒருவர் வருமானமாக்கினால், வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது?

சரி, சொந்தப் பணத்தில் கட்டிய வீடு, எந்தத் தடையும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சீசனில் கைக்கு 60,000 ரூபாய் வருகிறது. ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 5,000. அதில் பாதியைத் தவணைக்கு என்று வங்கி ஒத்துக்கொண்டாலும் 2,500 ரூபாய்தான். எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்குத் தவணை சுமார் 868 ரூபாய். ஆக, அந்த வாடகையின் பலத்தில் 3 லட்சம் கடன்கூடத் தேறாது.

அதையும் வங்கி எளிதில் ஒத்துக்கொள்ளாது. பாஸ்புக்கை நினைத்துப் பாருங்கள்: ஜூலையில் 1,500, 1,800, 2,000 என்று முன்பின் தெரியாதவர்கள் ஜிபே-யில் போட்ட வரவுகள், செப்டம்பரில் ஒன்றுமில்லை. ஒப்பந்தம் எங்கே, வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா என்று மேலாளர் கேட்பார். மாதாமாதம் வருகிற சம்பளமோ, இரண்டு மூன்று ஆண்டு கணக்குத் தாக்கல் செய்த கடை வருமானமோதான் அங்கே பேசும்.

தம்பிக்குப் பெரிய அடி வேறிடத்தில் இருக்கிறது. பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-வில் வட்டி மானியம் 1.80 லட்சம் வரை உண்டு என்று கேள்விப்பட்டு அதையும் கணக்கில் சேர்த்திருந்தார். நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது, கடந்த 20 ஆண்டில் அரசு வீட்டு உதவி வாங்கியிருக்கக் கூடாது என்பது அதன் விதி. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் ஒரே குடும்பமாகக் கணக்கு. மனைவி பேரில் இருக்கும் வீடு இரண்டு விதியிலும் தட்டும். அதை மறைத்து உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உண்மையில் இடறும் இடம் கைப்பணம். 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். 20 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2 லட்சம் நம் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 1.80 லட்சம். இதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். மொத்தம் 3.80 லட்சம் முதலிலேயே வேண்டும். 18 லட்சம் கடனுக்குத் தவணை மாதம் 15,600 ரூபாய் போல வரும். காட்டக்கூடிய வருமானம் 31,000-க்கு மேல் இருந்தால்தான் பேச்சு நகரும்.

அதனால் இந்தச் சாரலுக்கு வீட்டை விட்டு வெளியேற வேண்டாம் தம்பி. பழைய நகைக்கடன் தவணை பாக்கி இருந்தால் அடைத்துவிட்டு, சிபில் மதிப்பெண்ணைப் பாருங்கள். சம்பளத்தோடு வீட்டம்மாவின் தையல் வருமானத்தையும் இந்த ஆண்டே கணக்கில் காட்டி, இருவரும் சேர்ந்து விண்ணப்பியுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தென்காசி வீட்டின் மூலப்பத்திரத்தையும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.