கேடயத்துக்கு வெளியே ஒரு கிண்ணம்

சூரியனைச் சுற்றியுள்ள கரோனா என்ற வெளிமண்டலத்தின் வெப்பம் பத்து லட்சம் டிகிரியைத் தாண்டும் என்கிறார்கள். அதற்குள் போய்வந்த நாசாவின் பார்க்கர் விண்கலம் மட்டும் எப்படி உருகாமல் இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். அருமையான கேள்வி.

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தும்போது பொறிகள் என் கையில் தெறித்ததுண்டு. ஆயிரம் டிகிரி சூடுள்ள பொறிகள்தான். ஆனாலும் சுருக்கென்றதோடு சரி, கொப்புளித்ததில்லை. பொறி அத்தனை சிறியது. கைக்குக் கொடுக்க அதனிடம் போதிய வெப்பம் இல்லை. கரோனாவின் துகள்களும் அப்படித்தான். வேகம் பயங்கரம், ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. கலத்தை உண்மையில் வாட்டுவது நேரே வந்து விழும் சூரிய ஒளி.

அதைத் தடுக்கத்தான் கேடயம். 2.4 மீட்டர் அகலம், சுமார் 11 சென்டிமீட்டர் தடிமன், எடை 73 கிலோ. இரண்டு கார்பன் தகடுகளுக்கு நடுவே கார்பன் நுரை, முகப்பில் வெள்ளைப் பீங்கான் பூச்சு. முன்பக்கம் 1,370 டிகிரி செல்சியஸைத் தாங்கும்படி செய்தார்கள். அதன் நிழலில் கருவிகள் நம் வீட்டு அறையின் சூட்டிலேயே இயங்குகின்றன.

என்னை வியக்கவைப்பது அந்த நிழலுக்கு வெளியே, வெயிலில் நிற்கும் ஒரு சிறு கிண்ணம். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களைப் பிடித்து, அவற்றின் வேகத்தையும் அடர்த்தியையும் அளப்பது அதன் வேலை. டைட்டானியம், சிர்கோனியம், மாலிப்டினம் கலந்த உலோகத்தால் ஆனது. உருக 2,300 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே இருப்பது டங்ஸ்டன் வலை. லேசருக்கும் மசியாத உலோகம் என்பதால் அமிலத்தால் அரித்து அந்த வலையை உருவாக்கினார்கள். வழக்கமான மின்கம்பி அங்கே உருகிவிடும். எனவே நியோபியம் கம்பி. அந்தக் கம்பிக்கு உறை? பிளாஸ்டிக் நிற்காது. நீலக்கல் படிகத்தைக் குழாயாக வளர்த்து, அதற்குள் கம்பியைச் செலுத்தினார்கள். சோதித்துப் பார்க்க வெயில் வேண்டுமே? நான்கு பழைய ஐமேக்ஸ் சினிமா புரொஜெக்டர்களை மாற்றியமைத்து, அவற்றின் ஒளியைக் கிண்ணத்தின்மேல் பாய்ச்சினார்கள். ராக்கெட் கிளம்பும்போது கைதட்டுகிறோம். ஒரு கம்பிக்கு இப்படி மெனக்கெட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது தீராத வருத்தம்.

இந்தக் கிண்ணம் அளக்கும் துகள் வீச்சான சூரியக் காற்று என்ற ஒன்று உண்டு என்று 1958-இல் கட்டுரை எழுதியவர் யூஜீன் பார்க்கர். அப்போது முப்பது வயது இளைஞர். மதிப்பிட்ட அறிஞர் இருவரும் நிராகரித்தார்கள். எழுதுவதற்கு முன் நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வரட்டும் என்பதாக ஒருவர் சொன்னாராம். கட்டுரை போய்ச் சேர்ந்த ஆய்விதழின் ஆசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கே அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கில் பிழை எதுவும் தென்படவில்லை. கட்டுரையை வெளியிட்டார். 1935-இல் லண்டன் வானியல் சபையில், விண்மீன்கள் பற்றிய புதுக் கருத்துக்காகப் பிரபல வானியலாளர் எடிங்டன் எள்ளி நகையாடிய இளைஞரும் இதே சந்திரசேகர்தான்.

தன் பெயர் தாங்கிய கலம் 2018 ஆகஸ்ட் 12 அன்று கிளம்பியதைப் பார்க்கர் 91 வயதில் நேரில் பார்த்தார். 2022-இல் காலமானார். 2024 டிசம்பர் 24 அன்று கலம் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவுவரை நெருங்கியது; மணிக்கு 6,92,000 கிலோமீட்டர் வேகம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்திரசேகரை வகுப்பில் நோபல் பரிசோடு நிறுத்திவிடாதீர்கள். தான் நம்பாத கட்டுரையை, அதில் பிழை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அச்சேற்றியதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.