மூன்று பெண்களின் மௌனம்

தேயிலைப் பெட்டியின் மேலட்டையிலும் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகத்தைப் பலகாலும் கண்டிருக்கின்றோம். அவள் எப்பொழுதும் புன்னகை புரிவாள். வலப்பனை மலைச்சரிவுகளில் மழையிலும் பனியிலும் கூடை சுமந்து நிற்கும் பெண்களை நாள்தோறும் காணும் எமக்கு, அப்புன்னகை யாருக்காகத் தீட்டப்பட்டது என்னும் ஐயம் எழுவது இயல்பே. பார்ப்போருக்காகச் சிரியாத பெண்முகங்களைத் தீட்டிய ஓவியம் ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

அம்ரிதா ஷெர்கில் 1935ஆம் ஆண்டில் வரைந்த 'மூன்று பெண்கள்' என்பதே அது. அவர் 1913இல் புடாபெஸ்ட் நகரிற் பிறந்தவர். தந்தையார் பஞ்சாபியச் சீக்கியர், தாயார் ஹங்கேரியப் பாடகி. 1929இல், பதினாறு வயதில், பாரிஸ் சென்று ஓவியம் பயின்றார். கலாசாலை கற்பித்தது பழைய முறை. அவர் உள்ளத்தைக் கவர்ந்தவர்களோ செசானும் கோகனும்.

மனப்பதிவு ஓவியர் கணப்பொழுதில் மாறும் ஒளியைப் பிடிக்க முயன்றனர். அவர்க்குப் பின் வந்தோர்க்கு அது போதவில்லை. செசான் வண்ணத்தாலேயே உருவத்திற்குத் திண்மை அளித்தார். கோகன் அகன்ற, தட்டையான வண்ணப் பரப்புகளால் உணர்வை உரைத்தார். இவர்களுக்குப் 'பின் மனப்பதிவியலார்' என்னும் பெயரை 1910இல் இலண்டனிற் சூட்டியவர் ரோஜர் ஃபிரை. இந்நெறி பிரான்சோடு நிற்கவில்லை. போலந்து நாட்டு ஸ்லெவின்ஸ்கி கோகனின் நண்பர். அவரது உருவத்தைக் கோகனே தீட்டியுள்ளார்.

மீண்டும் மூன்று பெண்களிடம் வருவோம். நெருங்கி அமர்ந்திருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் நோக்கவில்லை, நம்மையும் நோக்கவில்லை. பின்புலத்தில் வீடில்லை, மரமில்லை. ஆடைகள் ஒளிர்கின்றன, முகங்களோ தம்முள் ஆழ்ந்து கிடக்கின்றன. கோகனிடம் கற்ற வண்ணம் இங்கே அலங்காரமாகாமல், சொல்லப்படாத துயரைத் தாங்கும் மொழியாகிவிட்டது. இதன் அச்சுப்படியைக் கண்ட மாணவியர் சிலர், "ஏன் இவர்கள் சிரிக்கவில்லை?" என்றே முதலில் வினவினர். நாட்காட்டிகள் பழக்கிய கண்கள் வேறென்ன கேட்கும்!

1937இல் இவ்வோவியம் பம்பாய்க் கலைக்கழகத்தின் தங்கப்பதக்கம் பெற்றது. அஜந்தாவையும் தென்னகத்தையும் கண்டபின், அவ்வாண்டிலேயே 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்னும் ஓவியத்தையும் தீட்டினார். மலையகத்தாரின் முன்னோர் புறப்பட்டு வந்த தென்னாட்டின் எளிய மாந்தர், கரிய மேனியும் நிமிர்ந்த நிலையுமாக அதில் இடம்பெற்றனர். 1941இல் லாகூரில் இறந்தபோது அம்ரிதாவுக்கு வயது இருபத்தெட்டே. அவருடைய ஓவியங்களிற் பெரும் தொகுதியொன்று புதுடில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது.